உன் அப்பாவைப் பாலத்தில் நிற்க வைத்தது பற்றி

சசிக்கு,

நீ போனில் அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அம்மா, நீ அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு. கேக்காட்டி நான் ஊருக்கே வரமாட்டேன். கல்யாணத்த இங்கயே பதிஞ்சிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறாய். சொல்லும்போது உன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதான், அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு. போனில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு முடியாது. நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், நான் அழுதால் நீ ஜெயித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்க வேண்டாம். மாப்பிள்ளைக்குப் படிக்கக் கொடு. அவர் அறையில் இன்னும் தங்கியிருக்கிற உன் அப்பாவுக்கு வாசித்தே காட்டு. நானும் இங்கே தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் என்னோடு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு இதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதுளைக்குப் போய்த் தபாலில் போடப்போகிறேன். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஒசாக்காவில் அன்று இரவு அந்த வாய்க்கால் பாலத்தில் உன் அப்பாவைத் தனியாக நிற்க வைத்தது நான்தான். வயசான பொம்பளை, புரியாத ஊர், கூட்டத்தில் ஏதோ தடுமாறிவிட்டாள் என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னாயாம். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அந்தச் சமாளிப்பு எனக்கு வேண்டாம். நான் தடுமாறவில்லை. நன்றாக யோசித்து, தெளிவாகப் பொய் சொல்லி, அவரை அங்கே விட்டுவிட்டு வந்தேன். ரெயிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நீ பிறந்த அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

நீ அவரைத் தேடிப் பிடித்தது எனக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தாயும் தகப்பனும் ஜோடியாக நிற்க வேண்டும். தகப்பன் உன் கையைத் தன் கையில் ஏந்தி மாப்பிள்ளை கையில் வைப்பார், தாய் செம்பிலிருந்து அந்தக் கைகளின்மேல் தண்ணீர் ஊற்றுவாள். புருஷன் விட்டுப்போனவளுக்கு அந்த இடம் கிடையாது. என் அண்ணனும் அண்ணியும் நிற்பதாகத்தான் பேசி வைத்திருந்தோம். அப்போதே நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். "என்னய வளத்தது நீ. அத்த எதுக்கு ஊத்தணும்?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. ஆனால் அதற்கு நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே! நான் நிற்க வேண்டுமென்றால் அவர் வர வேண்டுமாம். என்னை அந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டவரே வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டுமாம். அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

நீ வயதுக்கு வந்தபோது நடந்ததை மறந்திருப்பாய். வெட்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாய், உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உனக்கு முதல் தண்ணீர் ஊற்ற நான் எழுந்தேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் யாரும் என்னைத் திட்டவில்லை, பிடித்துத் தள்ளவில்லை. "நீ ஒக்காருக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருத்தி அன்பாகத்தான் சொன்னாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பகல் முழுவதும் என்னிடம்தான் இருப்பார்கள். தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போனால் அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதானே என் வேலை. அவள் பிள்ளைக்கு நான் சோறு ஊட்டலாம், பீ அள்ளலாம், தாலாட்டித் தூங்க வைக்கலாம். என் பிள்ளைக்கு நான் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றக் கூடாது. கழுத்தில் தாலி இருக்கிறது, தாலி கட்டினவன் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. விதவையாக இருந்தாலாவது ஒரு மரியாதை உண்டு. எனக்கு இருந்த பெயர் வாழாவெட்டி. அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு என் கைக்கு வராமல் என்னைச் சுற்றிப் போகும்போதெல்லாம் எனக்குக் கேட்கும்.

இப்போது அந்த ஜப்பான் பயணத்துக்கு வருகிறேன். "இங்கிலீஷ் தெரிஞ்ச ஒராள் ஒங்கூட வருவாரு, பயப்படாத" என்று சொல்லி என்னைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வரவழைத்தாய். அங்கே ஒரு கிழவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சிரித்த பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்புக்குத்தானே ஒரு காலத்தில் நான் மயங்கினேன். திரும்பி வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். உன்னைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. பெல்ட் போடத் தெரியாமல் இருவரும் முழித்தோம். அந்த விமானப் பெண் வந்து எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு ஒரே போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதை எடுத்து என்மேல் முழுவதும் போர்த்திக்கொண்டேன். அவர் விறைத்துக்கொண்டே வந்தார். அப்போதே ஒரு சின்ன திருப்தி ஏற்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ எங்களுக்கு ஊர் காட்டுகிறேன் என்று லீவு எடுத்த அந்த நாளில் காலையிலேயே குளிர். அப்புத்தளைப் பனியில் வளர்ந்த மாப்பிள்ளையே ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். நான் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும், அதற்கு மேல் உன் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தேன். முதலில் கோட்டைக்குக் கூட்டிப்போனாய். எவ்வளவு பெரிய கற்கள், சுற்றிலும் எவ்வளவு தண்ணீர்! உன் அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம தொர பங்களாவ அடுக்கடுக்கா வச்ச மாதிரி இருக்கு" என்றார். நீயும் மாப்பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் அப்படித்தான். எங்கே போனாலும் ஒரு வார்த்தையில் எல்லோரையும் தன் பக்கம் இழுத்துவிடுவார். லிஃப்டில் மேலே போய் நகரத்தைப் பார்த்தபோது நீ எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தாய். "இன்னும் கிட்ட வாங்கப்பா" என்றாய். என்னை எப்போதும் நீ என்றுதான் கூப்பிடுவாய், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருக்கு மட்டும் வாங்கப்பா, சாப்பிடுங்கப்பா, குளிருதாப்பா. எங்கிருந்து வந்தது உனக்கு இவ்வளவு மரியாதை? மொனராகலையில் அவர் கூட வாழ்ந்த பெண் செத்துப்போய், நீ ஜப்பானுக்குப் போய்விட்டாய் என்று யாரோ சொல்லி, பேஸ்புக்கில் உன்னைத் தேடிப் பிடித்து "மகளே" என்று ஒரு வார்த்தை எழுதினார். அந்த ஒரு வார்த்தை உனக்குப் போதுமானதாக இருந்தது.

மத்தியானம் ஒரு கோயிலுக்குப் போனோம். வாசலில் கல்தொட்டி, அதன்மேல் நீளக் கைப்பிடி வைத்த மூங்கில் அகப்பைகள். உள்ளே போகுமுன் கைகழுவ வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தாய். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது, அமைதியாக இருந்தது. அப்போது நீ ஒரு அகப்பையில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்து, உன் அப்பாவின் கைகளைப் பிடித்து எனக்கு நேரே நீட்டினாய். "அம்மா, அப்பா கையில ஊத்து. கல்யாணத்துக்கு ஒத்திகைன்னு நெனச்சிக்க" என்றாய். மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விமான டிக்கெட், அந்த ஊர்சுற்றல், வாங்கப்பா போங்கப்பா எல்லாமே இந்த ஓரிடத்துக்கு என்னைக் கொண்டுவரத்தான். உன் அப்பா கைகளை ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தார். வெட்கப்பட்டுக்கூட நிற்கவில்லை, உரிமையோடு நின்றார். நான் தண்ணீரைக் கீழே கல்லில் ஊற்றிவிட்டு அகப்பையைக் கவிழ்த்து வைத்தேன். "அம்மா!" என்றாய். "விடும்மா, பழக அவளுக்கு நாளெடுக்கும்" என்று உன் அப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். அவர் என்னை மன்னிக்கிறாராம்.

சாயங்காலம் டோட்டன்போரிக்குக் கூட்டிப்போனாய். அந்தத் தெருவை இன்னும் கண்முன்னால் பார்க்கிறேன். நடுவே ஒரு வாய்க்கால், இரண்டு கரையிலும் கட்டடம் முழுக்க வெளிச்சப் பலகைகள், ஒரு பலகையில் கையை உயர்த்திக்கொண்டு ஓடுகிற ஆள், ஒரு கடை வாசலில் காலை ஆட்டுகிற பெரிய நண்டு. பதுளையில் தீபாவளிக் காலத்துக் கூட்டத்தைப் பெரிய கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அங்கே இளம் பெண்கள் தனித்தனியாகவும் கும்பலாகவும், சிரித்துக்கொண்டும் குடித்துக்கொண்டும் பயமில்லாமல் போகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கணவாயை உள்ளே வைத்துச் சுட்ட மாவு உருண்டை வாங்கிக் கொடுத்தாய். எனக்கு வெள்ளிக்கிழமை விரதம், தொடவில்லை. அவர் என் பங்கையும் சேர்த்து ஊதி ஊதித் தின்றார். பிறகு பாட்டுப் பாடுகிற இடத்துக்குப் போனோம். ஒரு குட்டி அறை, சோபா, மைக்கு, சுவரில் டிவி. மாப்பிள்ளை எங்கிருந்தோ தமிழ்ப் பாட்டுகளுக்கு இசையை மட்டும் போனில் எடுத்துவிட்டார். உன் அப்பா மைக்கை வாங்கினார்.

அவருக்குக் குரல் இன்னும் கெடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? நம் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து போடும்போது மன்மதன் வேஷம் அவருக்குத்தான். அவர் பாடினால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடந்து வருவார்கள். நானும் அப்படி வந்து நின்று பார்த்தவள்தான். கூத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்துவிடுவார். நம் வீட்டில் மன்மதன் பஸ் ஏறிப் போய்விட்டார், எரிந்தது நான். அன்று அந்த அறையில் அவர் பாடப் பாட நீ அழ ஆரம்பித்தாய். நகர்ந்து நகர்ந்து போய் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். அவர் பாடிக்கொண்டே உன் தலையைத் தடவினார். நீ காய்ச்சலில் கிடந்தபோதும், பரீட்சைக்குப் படித்தபோதும், ஜப்பான் பாஷை வகுப்புக்குப் பண்டாரவளைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பியபோதும் உன் தலை சாய்ந்தது என் தோளில். ஒரு பாட்டில் அவர் அதை வாங்கிவிட்டார். நான் அந்த சோபாவின் மூலையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் வேறு, அந்த நிமிஷம் வந்தது வேறு. அவருக்கு வலிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நீ நான்கு வயதில் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி வெளியே வந்த நாளை உனக்கு ஒருபோதும் முழுசாகச் சொன்னதில்லை. அப்பா நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். எப்படிப் போனார் என்று இப்போது கேள். பஸ் ஸ்டாண்டில் பசறைப் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ பன் வேண்டும் என்று சிணுங்கினாய். "இங்கயே நில்லு, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நின்றேன். நம் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, ஏறவில்லை. அவர் வந்து தேடினால் நான் அந்த இடத்தில் இருக்க வேண்டுமே. மழை வந்தது, முந்தானையால் உன்னை மூடிக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைசி பஸ்ஸும் போன பிறகு, எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா கடையை மூடும்போது என்னைப் பார்த்துவிட்டார். "புள்ளையோட ஏம்மா நனையிறீங்க? உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்குப் பாலும் எனக்குத் தேத்தண்ணியும் கொடுத்து, தோட்டத்துப் பக்கம் சாமான் ஏற்றிப்போன வேனில் ஏற்றிவிட்டார். வேனில் ஏறும்போதுகூட நான் அவரிடம், "எங்க வீட்டுக்காரரு வந்தா சொல்லுங்க நானா, கோவிச்சிக்குவாரு" என்றேன். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். உன் அப்பா வேறொரு பெண்ணோடு மொனராகலை பஸ்ஸில் ஏறியதை அவர் பார்த்திருக்கிறார். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "அம்மா, ஒம்மேல எந்தத் தப்பும் இல்லையா?" என்று நீ கேட்பாய். இருக்கிறது. நான் நின்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

பாட்டு அறையிலிருந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளைக்குக் கறிச்சோற்றுக் கடையில் இரவு வேலை என்று கிளம்பிவிட்டார். உன் அப்பா தங்கியிருந்தது அவர் அறையில். அவரை நாம் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. நீ எனக்கு முட்டுவலித் தைலம் வாங்க ஒரு மருந்துக் கடைக்குள் போனாய். நானும் அவரும் பாலத்தில் நின்றோம். தண்ணீரில் வெளிச்சமெல்லாம் கலங்கிக் கலங்கி ஓடியது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "பழசயெல்லாம் மறந்துரு. புள்ளைக்காக" என்றார். அவ்வளவுதான். ஏன் போனேன் என்று சொல்லவில்லை, தப்பு என்று சொல்லவில்லை, மறந்துவிடு என்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். விமானம் ஏறிய நாளிலிருந்து அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அப்போது பேசினேன். "இங்கயே நில்லுங்க, இந்தா வந்துர்றேன்" என்றேன். என் வாய்க்கு அந்த வார்த்தை எவ்வளவு ருசியாக இருந்தது! அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை, தலையை ஆட்டினார். கடைக்குள் வந்து உன்னிடம், "மாப்பிள்ள திரும்பி வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டாரு, ரூம்ல விட்டுட்டு வேலைக்குப் போவாராம்" என்றேன். நீ நம்பினாய். என் வாயிலிருந்து நீ பொய் கேட்டுப் பழகியதில்லை. கடையின் மறுபக்க வாசல் வழியாக உன்னை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரெயிலில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

மாப்பிள்ளை வேலை முடிந்து அறைக்குப் போய், அங்கே யாரும் இல்லை என்று போன் பண்ணினார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் ஒன்றும் மறைக்கவில்லை, "பாலத்துல நிக்கிறாரு" என்றேன். உடனே டாக்சி பிடித்துப் போனோம். வெளிச்சப் பலகைகள் பாதி அணைந்திருந்தன, குப்பை பொறுக்குகிறவர்கள் நடமாடினார்கள். அவர் அதே இடத்தில் இருந்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதடு நீலமாகி, நின்றுகொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை. நீ ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, "ஏம்ப்பா யார்கிட்டயாவது கேக்க வேண்டியதுதானே? போலீஸ் பூத் பக்கத்துலதானே இருக்கு?" என்று அழுதாய். "அம்மா இங்கயே நில்லுன்னா" என்றார். சொல்லிவிட்டு உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீ பார்க்கவில்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. அந்தக் குளிரில் நிற்க நிற்க, எந்த வார்த்தையை யார் யாரிடம் எங்கே சொன்னது என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நான் வேண்டியது அதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன் சசி, வீட்டுக்கு வந்து படுத்த பிறகு எனக்குத் திருப்தி குறைந்துவிட்டது. அவர் ஒரு ராத்திரி நின்றார், அவரைத் தேடி நீ போனாய். என்னைத் தேடி யாரும் வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

நீ குழந்தை இல்லை, உனக்கு இரண்டொன்று சொல்லலாம். மாப்பிள்ளை தினேஷ் நல்ல பையன் என்றுதான் எனக்கும் படுகிறது. இருந்தாலும் அவர் எங்கேயாவது உன்னை நில், வருகிறேன் என்று சொன்னால் நிற்காதே. கூடவே போ. வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய் உன் வேலையைப் பார். கோபம் வந்தால் அன்றைக்கே காட்டிவிடு, என்னைப் போல வருஷக்கணக்காக உள்ளே வைத்து ஊறப்போடாதே, உடம்புக்கு ஆகாது. யாராவது உன்னிடம் பழசை மறக்கச் சொன்னால், மறக்க வேண்டியது எது என்று அவர் வாயாலேயே ஒரு தரம் சொல்லச் சொல். சொல்லாதவருக்கு நீ எதையும் மறந்துகொடுக்க வேண்டியதில்லை. தகப்பனை நீ விரும்புவதை நான் தடுக்கவில்லை. உனக்கு அவர் தேவைப்படுகிறார், உன் ஆசையில் தப்பில்லை. அந்த ஆசைக்கு என் கோபத்தை விலையாகக் கேட்காதே.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். உன் அப்பா நிற்கட்டும். ஆமாம், நானேதான் சொல்கிறேன். பத்திரிகையில் அவர் பெயரைப் போடு, என் பெயரையும் பக்கத்தில் போடு. ஆனால் பதுளையில் கல்யாண ஹோல் எடுக்கிற பேச்சை விட்டுவிடு. கல்யாணம் நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் நடக்க வேண்டும். அழைப்பு வைக்க அவர்தான் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு, மேல் லயத்திலிருந்து பணிய லயம் வரைக்கும் ஒரு காம்பரா வீட்டையும் விடாமல், ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எம் மகளுக்குக் கல்யாணம், வந்துருங்க" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சும்மா வாங்கிக்கொள்வார்களா? "வாங்க வாங்க, இத்தன வருசமா எங்க இருந்தீங்க?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர் பதில் சொல்லட்டும். நான் கூடப் போகமாட்டேன், என் அண்ணனும் போகமாட்டார். பாட்டுப் பாடித் தப்பிக்க முடியுமா என்று பார்க்கட்டும். அவருக்குச் சம்மதம் என்றால் வரச்சொல். இல்லையென்றால் நீ ஒசாக்காவிலேயே பதிந்துகொள், நான் இங்கிருந்தே உன்னை வாழ்த்துகிறேன். அழுவேன், ஆனால் மாறமாட்டேன்.

முகூர்த்தத்தன்று பெண்ணின் தாய் தகப்பனை ஐயர் கூப்பிடுவார். உன் அப்பா முதலில் மேடைக்குப் போகட்டும். நான் போகமாட்டேன். கூட்டத்தின் கடைசியில், நல்ல காரியத்துக்கு ஆகாதவர்கள் உட்காருகிற ஓரத்தில், இத்தனை கல்யாணத்திலும் நான் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மா எங்கே என்று ஐயர் கேட்பார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உன் அப்பா மேடையை விட்டு இறங்கி, அத்தனை பேர் நடுவிலும் நடந்து என்னிடம் வந்து, வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எழுந்து வருவேன். உன்னை நான் கைவிடமாட்டேன், பயப்படாதே. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருப்பேன், மேளக்காரர்களும் என்னைப் பார்க்கட்டும். உன் கையை அவர் ஏந்திக்கொள்வார். ஐயர் என் கையில் செம்பைக் கொடுத்து, ஊற்றுங்கம்மா, நேரமாகுது என்று அவசரப்படுத்துவார். நான் அவசரப்படமாட்டேன். செம்பைப் பிடித்துக்கொண்டு உன் அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்ப்பேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணைத் தாழ்த்துகிறவரைக்கும் பார்ப்பேன். தாழ்த்தினதும் ஊற்றுவேன்.

அம்மா